கேம் கடைசி வேலை

வேப்பனப்பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் போனால் ஆந்திராவின் குப்பம், இன்னொரு பக்கம் போனால் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும். மாந்தோப்புகளுக்கு நடுவே ஏறி இறங்கும் சாலைகளில் ஓடுபவை பெரும்பாலும் பழைய வண்டிகள்தான்: ஸ்ப்ளெண்டர், எக்ஸ்எல், முதல் தலைமுறை அப்பாச்சி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழைய வார்ப்பிரும்பு புல்லட். குருபரப்பள்ளி வந்து நெடுஞ்சாலை ஏறினால் ஓசூர் சிப்காட் வரை தொழிற்சாலைகள். ஷிஃப்ட் முடித்து வரும் இளைஞர்களிடம் வண்டியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் ஒரு கேள்வி எப்படியும் வந்துவிடும்: "கேம் மாத்தினா வண்டி இழுக்குமாண்ணா?"

இந்தக் கேள்விக்குப் பட்டறைக்குப் பட்டறை வேறு பதில் கிடைக்கிறது. அவற்றில் பாதி, பழைய இரண்டு ஸ்ட்ரோக் காலத்து அனுபவத்திலிருந்து வருபவை. மீதியில் பெரும்பகுதி ரேஸ் வண்டிகளைப் பார்த்து வந்த ஆசை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம் சக்தியைப் புதிதாக உண்டாக்குவது அரிது. இருக்கும் சக்தி எந்த ஆர்பிஎம்மில் கிடைக்க வேண்டும் என்பதைத்தான் அது பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆகவே வண்டி எங்கே, என்ன பாரத்தோடு, எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதைச் சொல்ல முடியாதவருக்குக் கேமைப் பற்றி யாரும் சரியான பதில் சொல்ல முடியாது.

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒரு முறை சுற்றும். அதன் மேட்டுப் பகுதி வால்வைத் தள்ளித் திறக்கிறது. எவ்வளவு உயரம் திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, உள்வால்வும் வெளிவால்வும் எவ்வளவு நேரம் சேர்ந்து திறந்திருக்கின்றன என்ற மூன்றும்தான் கேமின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. உயரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயன் குறைவு. வால்வு தன் விட்டத்தில் கால் பங்கு எழும்பிவிட்டால், அதைச் சுற்றிக் காற்று நுழையும் இடைவெளி வால்வு வாயின் பரப்புக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் தூக்கினாலும் பெரிதாகக் கூடுதல் காற்று வராது. ஸ்பிரிங்குக்குத்தான் பாரம் ஏறும்.

திறந்திருக்கும் நேரம்தான் உண்மையான வியாபாரம். அதிக ஆர்பிஎம்மில் காற்றுக்கு உள்ளே வர நேரம் போதாது. அதனால் பிஸ்டன் கீழிருந்து மேலே திரும்பிய பிறகும் சற்று நேரம் உள்வால்வைத் திறந்து வைத்தால், வேகமாக வந்துகொண்டிருக்கும் காற்று தன் உந்தத்தால் இன்னும் கொஞ்சம் நுழையும். டாப் எண்டில் வண்டி "அடிப்பது" இதனால்தான். அதே கேம் 2,500 சுற்றில் எதிர்வேலை செய்யும். காற்றுக்கு அப்போது அவ்வளவு வேகம் இல்லை. மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையைக் கார்பரேட்டர் பக்கமே திருப்பித் தள்ளும். அமுக்கம் குறையும், ஐடிலிங் தள்ளாடும், மூன்றாவது கியரில் மேடு ஏற வேண்டிய வண்டி இரண்டாவது கியர் கேட்கும். மாங்காய்க் கூடை கட்டிய வண்டிக்கு இது சுத்தமான நஷ்டம்.

இதை நம்பக் கஷ்டப்படுபவர்கள் ஓசூரிலேயே தயாரான இரண்டு வண்டிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2015-இல் டிவிஎஸ் தன் எக்ஸ்எல் மொபெட்டை நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாற்றி எக்ஸ்எல் 100 என்று கொண்டுவந்தது. 99.7 சிசி, நான்கு குதிரைத்திறனுக்குச் சற்று மேல். அதன் அதிகபட்ச இழுவிசை 3,500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. நெல்மூட்டை, பால் கேன், தீவனக்கட்டு என்று எதை ஏற்றினாலும் முனகிக்கொண்டாவது நகர்வதன் காரணம் அதுதான். அதே நிறுவனத்தின் அப்பாச்சி ஆர்டிஆர் 160 முதலில் வந்தபோது தன் 15.2 குதிரைத்திறனை 8,500 சுற்றில் தந்தது. இரண்டையும் வடிவமைத்தவர்கள் ஒரே வளாகத்தைச் சேர்ந்தவர்கள். ஒன்றுக்கு நிதானமான மூச்சு, இன்னொன்றுக்கு நீண்ட மூச்சு என்று அவர்கள் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள். எக்ஸ்எல்லுக்கு அப்பாச்சியின் குணம் கொண்ட கேமைப் போட்டால் கிடைப்பது வேகமான எக்ஸ்எல் அல்ல, மேடு ஏறாத எக்ஸ்எல்.

அப்பாச்சி கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. முதலில் வந்த அப்பாச்சி 150-இன் சிலிண்டர் 57 மில்லிமீட்டர் விட்டம், 57.8 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 147.5 சிசி. சுமார் 13.5 குதிரைத்திறன். 2007-இல் ஆர்டிஆர் 160 வந்தபோது விட்டம் 62 ஆகியது, ஸ்ட்ரோக் 52.9 ஆகக் குறைந்தது, 159.7 சிசி. கொள்ளளவு கூடியது 12 சிசிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8,500 சுற்றில் பழைய அளவில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.4 மீட்டர். புதிய அளவில் 15 மீட்டர். அதாவது அதே ஆர்பிஎம்மில் என்ஜினுக்கு உடம்பு வலி குறைந்தது. விட்டம் அகன்றதால் ஹெட்டில் வால்வுகளுக்கும் இடம் கிடைத்தது. தொழிற்சாலை இப்படி அடித்தளத்தைப் போட்டுவிட்டுத்தான் மேல்சுற்றுச் சக்தியைத் தேடியது. நாம் பட்டறையில் செய்வது இதன் தலைகீழ்: அடித்தளம் அப்படியே இருக்க, மேலே கேமை மட்டும் மாற்றுகிறோம்.

இந்தத் தலைகீழ்ப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஓசூர் 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட்டோடு தொடங்கி, 1984-இல் இந்த்-சுசுகி ஏஎக்ஸ் 100 வழியாக, 1990-களின் ஷோகன் வரை இரண்டு ஸ்ட்ரோக் ஊராகவே இருந்தது. வெளியிலிருந்து வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 அந்தத் தலைமுறையின் மனதையே பிடித்துக்கொண்டது. 98 சிசியில் 11 குதிரைத்திறன். இன்றைக்கும் அந்த வண்டிக்குச் சந்தையில் விலை இறங்கவில்லை. இரண்டு ஸ்ட்ரோக்கில் கேம் கிடையாது, கேம் தள்ளித் திறக்கும் வால்வும் கிடையாது. சிலிண்டர் சுவரில் வெட்டிய போர்ட்களே கேமின் வேலையைச் செய்கின்றன. எக்சாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை அரம் வைத்து ஒரு மில்லிமீட்டர் உயர்த்தி, எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாட்டினால் வண்டியின் குணமே மாறிவிடும். கையில் அரமும் கண்ணில் திறமையும் இருந்தால் போதும். அந்த வெற்றியைப் பார்த்து வளர்ந்த மெக்கானிக்குகள், 2000-க்குப் பிறகு புகைக்கட்டுப்பாட்டு விதிகளால் ரோட்டை நிரப்பிய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளிலும் அதே மாதிரி ஒற்றை மாற்றத்தில் மாயம் தேடினார்கள். நான்கு ஸ்ட்ரோக் அப்படி இணங்குவதில்லை. அங்கே கேம், ஸ்பிரிங், ஹெட், அமுக்கம், கார்பரேட்டர், சைலன்சர் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

கேம் வேலைக்கு மிகத் தோதாகத் தெரிவதும், அதிகம் ஏமாற்றுவதும் பழைய புல்லட்தான். 1955-இல் சென்னைத் திருவொற்றியூரில் தொடங்கி 2010-ஐ ஒட்டி நின்றுபோன அந்த வார்ப்பிரும்பு என்ஜினின் அளவு 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். 346 சிசி, 5,625 சுற்றில் 18 குதிரைத்திறன். கேம் ஒரே தண்டாக இல்லாமல், உள்வால்வுக்கு ஒன்று, வெளிவால்வுக்கு ஒன்று என இரண்டு தனித்தனிப் பல்சக்கரங்களாக வலதுபக்க மூடிக்குள் இருக்கின்றன. மூடியைக் கழற்றினால் கண்ணெதிரே தெரியும். புள்ளியோடு புள்ளி சேர்த்து மாட்டினால் டைமிங் முடிந்தது. இந்த எளிமைதான் கையை அரிக்க வைக்கிறது.

ஆனால் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்ன சொல்கிறது என்று பாருங்கள். தொழிற்சாலை சொன்ன 5,625 சுற்றிலேயே பிஸ்டன் வேகம் நொடிக்கு 16.9 மீட்டர். 8,500 சுற்றும் அப்பாச்சியைவிட இது அதிகம். "ரேஸ் கேம்" போட்டு 7,000 வரை முறுக்கினால் 21 மீட்டர். கிராங்கின் கீழ்முனையில் ஃபுளோட்டிங் புஷ்ஷோடு, நிதான ஓட்டத்துக்காகச் செய்த ஒரு என்ஜினுக்கு அது ஆயுளைக் குறைக்கும் வேலை. நீளமான புஷ்ராடுகளும் கனமான வால்வுகளும் அந்த வேகத்தில் கேமின் மேட்டைப் பின்தொடர முடியாமல் மிதக்க ஆரம்பிக்கும். மிதக்கும் வால்வு பிஸ்டனைச் சந்தித்தால் பில் பெரிதாக வரும்.

புல்லட்டுக்கு உரிய பாதை வேறு. அதன் அமுக்க விகிதம் 6.5. அந்தக் காலத்து மட்டமான பெட்ரோலுக்கு வைத்த அளவு அது. ஏட்டுக் கணக்கில் 6.5-ஐ 8 ஆக்கினால் வெப்பத்திலிருந்து கிடைக்கும் வேலை சுமார் 7 சதவீதம் கூடும், அதுவும் எல்லாச் சுற்றிலும். எந்தக் கேமும் இப்படி மேலும் கீழும் சேர்த்துக் கொடுக்காது. இங்கிலாந்தில் புல்லட் உதிரிபாகங்களுக்குப் பேர்போன ஹிட்ச்காக்ஸ் நிறுவனமும் கேம்களோடு கூடவே பெரிய பிஸ்டன் கிட்டுகளையும் விற்கிறது. 500 புல்லட்டை 87 மில்லிமீட்டருக்கு அகட்டி 535 சிசி ஆக்கும் கிட் அவர்களுடையது. 2013-இல் ராயல் என்ஃபீல்டு தானே கான்டினென்டல் ஜிடி வண்டியில் அதே 87-க்கு 90 என்ற அளவைப் போட்டுச் சுமார் 29 குதிரைத்திறன் எடுத்தது. ஆர்வலர்களும் கம்பெனியும் ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள்: ஆர்பிஎம்மைத் துரத்தாமல் கொள்ளளவையும் அமுக்கத்தையும் கூட்டு.

இனி ஓசூருக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன்: கேமைத் திரும்ப அரைத்துக் கொடுப்பது. டிவிஎஸ், அசோக் லேலண்ட் இரண்டுக்கும் பாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் இந்த ஊரில் தெருத்தெருவாக இருக்கின்றன. சிலிண்டிரிக்கல் கிரைண்டர், கடினத்தன்மை சோதிக்கும் கருவி, நுண்ணளவு மைக்ரோமீட்டர் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். நாற்பது கிலோமீட்டர் போனால் பெங்களூர். ஹெச்எம்டி காலத்திலிருந்து இயந்திரத் தொழில் வேரூன்றிய ஊர். இவ்வளவு வசதி இருப்பதால் "கேமை அரைச்சுக் குடுங்க" என்று கேட்பது சுலபமாகிவிட்டது.

அரைப்பதில் சூட்சுமம் இருக்கிறது. மேட்டை உயர்த்த முடியாது. அரைப்பதால் உலோகத்தைக் கூட்ட வழியில்லை. அதனால் மேட்டைச் சுற்றியுள்ள வட்டப்பகுதியைக் குறைக்கிறார்கள். வித்தியாசம் கூடுவதால் வால்வு எழுச்சி கூடும். ஆனால் கேமின் கடினத்தோல் மேற்பரப்பில் மட்டும்தான் இருக்கிறது. அதை அரைத்துத் தள்ளிவிட்டால் உள்ளே இருப்பது மென்மையான உலோகம். புதிதாக மாட்டியபோது பிரமாதமாக ஓடும் கேம், சில ஆயிரம் கிலோமீட்டரில் குழி விழுந்து, துகள்களை எண்ணெயில் கலக்கும். அரைத்த பிறகு மறுபடி ஹீட் ட்ரீட்மென்ட் செய்து, கடினத்தன்மையை அளந்து பார்த்துக் கொடுக்கும் பட்டறை என்றால் சரி. "அதெல்லாம் வேணாம்ணா, ஒண்ணும் ஆகாது" என்றால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.   

அரைத்த கேமோ புதுக் கேமோ, மாட்டும் முன் செய்ய வேண்டிய ஒரு சோதனையைப் பல பட்டறைகள் தவிர்க்கின்றன. பிஸ்டன் தலையில் பசைக்களிமண் ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, என்ஜினைக் கையால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கழற்ற வேண்டும். வால்வு பதிந்த இடத்தில் களிமண் எவ்வளவு தடிமன் மிச்சம் என்று அளந்தால் இடைவெளி தெரியும். உள்வால்வுக்கு ஒன்றரை மில்லிமீட்டரும் வெளிவால்வுக்கு இரண்டு மில்லிமீட்டரும் பொதுவான பாதுகாப்பு அளவு. அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்யும் மெக்கானிக்கிடம் நான் சைக்கிளைக்கூடக் கொடுக்க மாட்டேன்.

ஸ்ப்ளெண்டர்காரர்கள் என்ன செய்வது? 50 மில்லிமீட்டர் விட்டம், 49.5 ஸ்ட்ரோக், 97.2 சிசி, ஓவர்ஹெட் கேம். இருபது வருடம் ஓடிய ஸ்ப்ளெண்டரில் "இழுவை போச்சு" என்று வருபவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது பெரிய கேம் அல்ல, தேயாத கேம். எண்ணெய் கொஞ்சமே பிடிக்கும் என்ஜின் அது. மாற்றாமல் ஓட்டினால் முதலில் பட்டினி கிடப்பது ஹெட்டின் உச்சியில் இருக்கும் கேமும் ராக்கரும். தேய்ந்த மேட்டால் வால்வு முழுதாகத் திறக்காது. தளர்ந்த டைமிங் செயின் அதைத் தாமதமாகத் திறக்கும். கம்பெனிக் கேம், புதுச் செயின், வால்வு லேப்பிங், சரியான டேப்பெட் இடைவெளி இந்த நான்கும் தொலைந்த சக்தியைத் திருப்பிக் கொடுக்கும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன். ஒரு மில்லிமீட்டர் அகட்டினால் 101 சிசி ஆகும், நான்கு சதவீதம். அதைவிட மலிவானது முன் ஸ்ப்ராக்கெட். 14 பல்லை 13 ஆக்கினால் சக்கரத்தில் இழுவிசை ஏழரை சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. மேல்வேகம் கிட்டத்தட்ட அதே அளவு குறையும், மைலேஜும் சற்று அடிவாங்கும். வேப்பனப்பள்ளியிலிருந்து தீவனம் கட்டிக்கொண்டு போகிறவருக்கு அது நட்டமே இல்லை.

இந்த வட்டாரத்தில் ட்யூனிங் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உயரம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டரில் இருக்கிறது. கிருஷ்ணகிரி 500-ஐ ஒட்டி. ஓசூரில் காற்றின் அடர்த்தி சென்னையைவிடச் சுமார் எட்டு சதவீதம் குறைவு. கார்பரேட்டர் வண்டி அதற்கேற்பத் தானாகத் திருந்தாது. உயரத்தில் கலவை சற்றுக் கொழுத்து ஓடும். ஓசூரில் சின்ன ஜெட் போட்டு, பிளக் நிறம் பார்த்துக் கச்சிதமாக வைத்த வண்டியில், சூளகிரி தாண்டி மேலுமலை இறங்கிச் சமவெளிக்குப் போகப் போகக் கலவை மெலிந்துகொண்டே வரும். மெலிந்த கலவை சூடு. கேமும் மாற்றி, ஃபில்டரையும் கழற்றி, மெலிந்த ஜெட்டோடு கோடையில் சென்னைக்கு முறுக்கினால் பிஸ்டன் சீஸ் ஆவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இப்போது இதற்கு மேல் எரிபொருளும் மாறிவிட்டது. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத எத்தனால் கலப்பு 2025-லேயே எட்டப்பட்டது. எத்தனாலில் ஆக்சிஜன் ஏற்கனவே இருப்பதால், அதே ஜெட்டில் பழைய வண்டி மேலும் மெலிந்து ஓடும். ரப்பர் வாஷர்களும் குழாய்களும் வேகமாகக் கெட்டுப்போகும். மறுபக்கம், எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும். சாதாரணப் பெட்ரோலுக்கு ஆக்டேன் 91 என்றால், இந்தக் கலவைக்கு 95-ஐ ஒட்டி. அமுக்கத்தைக் கூட்ட நினைப்பவருக்கு, குறிப்பாகப் பழைய புல்லட்காரருக்கு, இது எதிர்பாராமல் கிடைத்த வசதி. ஜெட்டை ஒரு படி பெரிதாக்கிவிட்டு அமுக்கத்தைக் கூட்டினால் புதிய எரிபொருளின் குறையும் நிறையும் இரண்டுமே கணக்கில் வந்துவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கலப்பைத் திட்டுவதைத்தான் எங்கும் கேட்கிறேன். இந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

செய்த வேலை பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சக்தியை அளக்கும் டைனோ எல்லா ஊரிலும் இல்லை. சத்தம் கூடியதை வேகம் கூடியதாக நினைப்பது மனித இயல்பு. சைலன்சர் விற்பவர்கள் வாழ்வது அதில்தான். போக்குவரத்து இல்லாத ஒரே மேட்டில், அதே ஆளைப் பின்னால் உட்கார வைத்து, டாப் கியரில் 30-இலிருந்து 50-க்கு எத்தனை நொடி என்று மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தால் போதும். பெரிய கேம் போட்ட வண்டிகளில் பல இந்தச் சோதனையில் பழைய நேரத்தைவிட மெதுவாக வரும். ஓட்டுபவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சட்டத்தைப் பற்றி: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்பாகவே எடுத்துச் சொன்னது. அதே ஆண்டின் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வந்தது. கேமின் அளவு பதிவுச் சான்றில் எழுதப்படுவதில்லை, சிசி எழுதப்படுகிறது. ஆகவே அகட்டிய சிலிண்டர் நேரடியாக மாட்டும். கேம் புகைச் சோதனையில் மாட்டும். 2000-க்குப் பிந்தைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் பழைய தரத்தின்படி ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், எரியாத ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம் வரைதான் அனுமதி. இரு வால்வும் நெடுநேரம் சேர்ந்து திறந்திருக்கும் கேமில், ஐடிலில் எரியாத பெட்ரோல் நேராகச் சைலன்சருக்குப் போகிறது. பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது இது தலைவலி. மூன்று மாநில எல்லையில் ஓட்டுபவருக்குச் சோதனைச் சாவடிகளும் மூன்று மடங்கு.

உண்மையாகவே 8,000-க்கு மேல் முறுக்க ஆசைப்படுபவருக்கு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடம் இருக்கிறது. சோழவரம் விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களுக்குப் பிறகு, 1990-இலிருந்து. ஓசூரின் டிவிஎஸ் நிறுவனத்தின் ரேஸ் அணி 1982-இலிருந்தும், அதன் ஒரே ரக வண்டிப் போட்டி 1994-இலிருந்தும் நடக்கின்றன. அங்கே கேம் மாற்றுபவர்கள் கூடவே கிராங்கையும் ஸ்பிரிங்கையும் மாற்றுகிறார்கள், ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் என்ஜினைத் திறந்து பார்க்கிறார்கள். அந்தச் செலவுக்குத் தயாராக இல்லாதவர், கழற்றிய கம்பெனிக் கேமைக் கிரீஸ் தடவி, துணியில் சுற்றி, பெயர் எழுதி எடுத்து வைப்பது நல்லது. பதிவு புதுப்பிக்கும் மாதத்தில் அதைத் திரும்ப மாட்டச் சொல்லிப் பட்டறைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். மாட்டிய பிறகு, மற்றதை எடுத்துப் போகாமல் அங்கேயே விட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.